சேர்த்து வாசித்த வரிகள்

மெஷின் ஓடுகிற இடத்தில் உட்கார்ந்து வாசிப்பதற்கு ஒரு தனிக் குரல் வேண்டும், சார். கத்தினால் யார் காதிலும் ஏறாது. ஓவர்லாக் தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு அடியில் குரலைக் கொண்டுபோய், தரையோடு தரையாக விட வேண்டும். எனக்கு அது தானாக வந்தது. குண்டடத்தில் பத்தாவது படிக்கும்போது பிரேயரில் செய்தி வாசிக்க என்னைத்தான் நிறுத்துவார்கள்.

காப்பி வேண்டாம். ஏட்டையா எழுதிக்கொள்ளட்டும். அவர் கைக்கு ஏற்றபடி நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

பொங்கியண்ணன் முதலாளி கம்பெனியில் செக்கிங் கூடம் என்று ஒன்று இருக்கிறது. தைத்து வருகிற பனியன்களை நடுவில் குவித்துப் போட்டு, சுற்றி உட்கார்ந்து நூல் பிசிறை வெட்டுவோம். பெண்கள் மட்டும்தான். கையும் கண்ணும் வேலையில் இருக்கும். காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் நான். வாராவாரம் 'வெள்ளித்தூது' கடைக்கு வந்ததும் எல்லோரும் சேர்ந்து ஒன்று வாங்குவார்கள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு வாசிப்பேன். என் பங்கு பீஸை மற்றவர்கள் பிரித்து வெட்டிவிடுவார்கள். சூப்பர்வைசர் அப்புசாமி முதலில் முறைத்தார். வாசிக்கிற நாளில் யாரும் எழுந்து போவதில்லை, வேலை ஓடுகிறது என்று கண்டதும், "சாரதாமணி, அந்த ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்குங்க" என்று இடமே கொடுத்துவிட்டார்.

அந்த இடம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. புருஷன் விட்டுப் போனவள் நான். அந்தக் கூடத்துக்கே மூத்தவள் பூவாத்தாள். அவள் எனக்குத் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைப்பாள். "சாரதாவுக்குத் தொண்டை காஞ்சுரும், வழி உடுங்க புள்ள" என்பாள். அதற்கு முன் எனக்காக யாரும் ஒரு செம்பை நகர்த்தியதில்லை.

'வெள்ளித்தூது' இதழில் கிசுகிசுப் பக்கம்தான் உயிர். ஆனால் அதில் பேர் போட மாட்டார்கள். 'அந்த ஒல்லி நாயகி', 'மலைப் பங்களாவில் தங்கிய அந்த நாயகன்' என்று பூசி மெழுகி எழுதுவார்கள். பூவாத்தாளுக்கு அது ஆகவே ஆகாது.

"ஏனுங் சாரதா, பேரில்லாத கதையக் கேட்டுப்போட்டு நாங்க யாரத் திட்டறது?"

"திட்டறதுக்கு ஆள் வேணுமின்னா உங்க ஊட்டுக்காரர் இருக்கறாரல்லோ" என்றாள் மயிலாத்தாள்.

"அவரத் திட்டித் திட்டிச் சலிச்சுப் போச்சு புள்ள. புது ஆள் வேணும்."

கூடமே சிரித்தது. அன்றைக்கு நான் ஒரு பேரைச் சேர்த்து வாசித்தேன். அச்சில் இருப்பது போலவே, மூச்சு மாறாமல். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் அங்கே இல்லாமல் இல்லை. கையில் கத்தரியும் மடியில் பனியனும் இருக்கும்போது யார் எட்டிப் பார்ப்பார்கள்? அடுத்த வாரம் பேரோடு ஓர் ஊரைச் சேர்த்தேன். அதற்கடுத்து ஊரோடு ஒரு சம்பவம். பத்திரிகைக்காரர்கள் காலியாக விட்ட இடத்தை நான் நிரப்பினேன். குழம்பில் உப்புக் குறைந்தால் போடுவதில்லையா, அந்த மாதிரி.

நசீம் பானு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் குடியிருக்கிற லைன் வீட்டுக்கு எதிரே ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் கைருதீன் பாயின் கிடங்கு. கம்பெனிகளில் வெட்டி மிஞ்சுகிற துணியை, கட்டிங் வேஸ்ட் என்போம், அதை வாங்கி, மூட்டை கட்டி அனுப்புகிற வியாபாரம் அவருக்கு. கிடங்கோடு சேர்ந்தே அவர் வீடு, வாசல் பெரிய தெருவைப் பார்த்து இருக்கும். வீட்டிலிருந்து கிடங்குக்குள் வர ஓர் உள்கதவு, கிடங்கிலிருந்து சந்துக்கு வர ஒரு பின்கதவு. அவர் மனைவி நசீம் பானு அந்தப் பின்கதவு வழியாகத்தான் சந்துக் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்க வருவாள். முக்காடு நெற்றிவரை இருக்கும். அதிகம் பேச மாட்டாள்.

ஒருநாள் அவள் குடத்துக்குள் ஒரு தவளை குதித்தது. சிரித்துவிட்டாள். சிரிக்கும்போது புறங்கையால் வாயை மூடினாள். அந்தக் கை எனக்குத் தெரியும். எத்தனை படத்தில் பார்த்திருக்கிறேன். கதாநாயகனுக்குத் தங்கையாக வந்து, அப்படிச் சிரித்து, பாதிப் படத்தில் செத்துப்போகிற வனமாலினி.

"நீங்க வனமாலினிதானுங்களே?" என்றேன்.

குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"அக்கா, அந்தப் பேர் செத்துப்போச்சுங்க. அவருக்குத் தெரியும், தெரிஞ்சுதான் கட்டுனாரு. எங்க மாமிக்குத் தெரியாது. தெரிஞ்சா நானும் என்ற புள்ளையும் இந்த ஊட்ல இருக்க முடியாதுங்க. உங்க கையப் புடிச்சுக் கேக்கறேன், யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

சொல்ல மாட்டேன் என்று அவள் கைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அதைக் காப்பாற்றவும் செய்தேன் சார். நான் யாரிடமும் சொல்லவில்லை. வாசித்தேன்.

போன வருஷம், எண்பத்தெட்டில், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. பத்திரிகையில் ஒன்றும் இல்லை. யாருக்கோ பாராட்டு விழா, எங்கேயோ படப் பூஜை. பூவாத்தாள் கொட்டாவி விட்டாள். "இதுக்கு ரேடியோவுல பருத்தி வெல கேட்டுட்டு உக்காந்திருக்கலாம்" என்றாள். மயிலாத்தாள் ஒரு கட்டு பனியனை என் பக்கம் தள்ளி, "இந்த வாரம் சாரதாக்காவும் சித்தெ பிசிறு வெட்டட்டுமே" என்றாள்.

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனாலும் அந்தக் கட்டு என் முழங்காலில் வந்து இடித்தது. பக்கத்தைப் புரட்டினேன்.

"'ஒரு காலத்தில் தங்கை வேடத்தில் தமிழ்நாட்டையே அழவைத்த வனமாலினி இன்று எங்கே? பேரை மாற்றி, முகத்தை மறைத்து, பனியன் நகரத்தில் ஒரு வேஸ்ட் கிடங்கின் பின்னே ஒளிந்து வாழ்கிறார்.'"

கத்தரிச் சத்தம் அப்படியே நின்றது. அந்த அமைதியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மெஷின் சத்தம்கூட எங்கோ பின்னால் போய்விட்டது. மயிலாத்தாள் அந்தக் கட்டைத் தானே எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவர்களே கேட்டார்கள், "வனமாலினி பத்தி என்னங்க போட்டிருக்குது?" என்று. போடவில்லை என்று எப்படிச் சொல்வது? வாராவாரம் வாசித்தேன். ஏன் சினிமாவை விட்டாள், யார் கைவிட்டார்கள், மெட்ராஸில் எந்த வீட்டில் இருந்தாள். எல்லாம் தீர்ந்துபோன ஒரு வாரம், குழந்தையையும் சேர்த்தேன். "'அந்தச் சிறுமியின் தகப்பன் இப்போதைய கணவர்தானா என்று கோடம்பாக்கமே கேட்கிறது.'" அந்த வரியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பத்திரிகைக்காரர்கள் எழுதுகிற மாதிரியே இருந்தது.

பூவாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடப் பாவி மக்கா, பெத்த புள்ளையக்கூட உட மாட்டேங்கறாங்களே இந்தப் பத்திரிக்கைக்காரங்க. எழுதறவன் கை அழுகிப் போகோணும்" என்றாள். பிறகு, "மேல படி கண்ணு" என்றாள்.

அமீருன்னிசாவுக்கும் எங்கள் கூடத்தில்தான் வேலை. பாய் வீட்டுத் தெரு. அன்று அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சாரதாக்கா, இது எங்க தெரு கைருதீன் மச்சான் ஊட்டத்தானுங்களே சொல்றாங்க?"

"எனக்கென்ன தெரியும் கண்ணு. போட்டிருக்கறத வாசிக்கறேன்."

அன்று மாலையே அவள் அதை நசீமின் மாமியார் ரஹ்மத்துன்னிசாவிடம் சொல்லிவிட்டாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அச்சில் வந்ததை ஊரே படித்திருக்கும், அந்த வீட்டார் மட்டும் தெரியாமல் இருக்கக் கூடாதே என்று. அந்த அம்மாள் சண்டை போடவில்லை. நசீம் வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்தாளாம். பேத்தியைத் தன் பாயில் படுக்க விடவில்லையாம்.

நசீம் என்னிடம்தான் வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, பத்திரிகைல வந்திருக்குதாமே. எந்த இதழுங்க? காட்டுங்க, நானே படிச்சுப் பாக்கறேன்."

"பழைய இதழெல்லாம் பொட்டலம் மடிக்கப் போயிருச்சும்மா."

"உங்களத் தவிர இங்க யாருக்கும் தெரியாது. ஆனா நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க. மெட்ராஸ்ல இருந்து எவனோ மோப்பம் புடிச்சு வந்திருக்கோணும். எனக்குப் பழக்கந்தானுங்க இது. அப்பக்கூட ஜன்னல்ல ஏறி எட்டிப் பாப்பாங்க. துணி மாத்தற ரூம்ல கேமராவ வெப்பாங்க. அதுக்குப் பயந்துதான் ஓடியாந்தேன்." கிடங்கின் பின்கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அவங்க இங்கயும் வந்துட்டா, சந்துக் கதவு வழியா உங்க ஊட்டுக்கு வந்துருவேன். சேத்துக்குவீங்கல்ல?"

சேர்த்துக்கொள்வேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கைருதீன் பாய் வேறு மாதிரி ஆள். நிதானமானவர். பழைய பேப்பர் கடைகளில் ஏறி இறங்கி, 'வெள்ளித்தூது' இதழ் அத்தனையும் சேகரித்து, வரி வரியாகப் பார்த்திருக்கிறார். சாக்கில் கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"எத்தன தடவ பொரட்டியும் என்ற கண்ணுக்கு ஒண்ணும் ஆப்படலீங்க. நீங்கதான வாசிச்சீங்க, எந்தப் பக்கம்னு நீங்களே எடுத்துக் காட்டுங்க. இங்க வேண்டாம். திங்கக்கெழமை எங்கம்மாவக் கூட்டிட்டு உங்க செக்கிங் கூடத்துக்கு வாரேன். முதலாளிகிட்டச் சொல்லியாச்சு. எல்லாரு முன்னாலயும் காட்டுங்க. அச்சுல இருந்தா அவன் மேல கேஸ் போடறேன். இல்லீன்னா, இந்தப் பேச்சு எங்க முளைச்சுதுன்னு தெரிஞ்சுக்கறேன். நசீம் பாவமுங்க. எங்கம்மா அவளத் தாயூட்டுக்கு அனுப்பச் சொல்றாங்க. அவளுக்குத் தாயூடே கெடையாது."

என்மேல் அவருக்குச் சந்தேகம் இருந்த மாதிரி தெரியவில்லை. இருந்ததோ என்னவோ.

நான் யோசித்துப் பார்த்தேன். திங்கட்கிழமை அந்தச் சாக்கை அவிழ்த்தால் ஒரு பக்கத்திலும் அந்த வரிகள் இருக்காது. பூவாத்தாள் என்னைப் பார்ப்பாள். செம்பு அது இருந்த இடத்துக்கே போய்விடும். பேர், ஊர், கண்ணீர் எல்லாவற்றையும் நான் திருப்பித் தர வேண்டியிருக்கும். அது நடக்காமலிருக்க ஒரே வழி, அந்த வரிகள் எங்காவது அச்சில் இருக்க வேண்டும். அதில் என்ன அநியாயம்? அவள் வனமாலினி என்பது உண்மை. ஒளிந்திருப்பதும் உண்மை. உண்மையை அச்சேற்றுவதற்குத்தானே பத்திரிகை.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் பூத்திலிருந்து 'வெள்ளித்தூது' ஆபீசுக்குப் பேசினேன். கோயமுத்தூரில் அவர்களுடைய நிருபர் திருமூர்த்தி என்று ஒரு தம்பி. வெள்ளிக்கிழமை வந்தான். மரியாதையான பையன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"படமில்லாம ஆபீசுல போட மாட்டாங்க அம்மணி. முகம் தெரியறாப்பல ஒண்ணே ஒண்ணு போதும். இன்னிக்குக் கெடைச்சா ஞாயித்துக்கெழமையே கடைக்கு வந்துரும்."

"நாயித்துக்கெழமை வந்துட்டாச் சரி" என்றேன்.

"பின்னால வழி ஏதும் இருக்குதுங்களா? இந்த மாதிரி ஆளுக அப்பிடித்தான் நழுவுவாங்க."

"அத நான் பாத்துக்கறேன் தம்பி."

கைருதீன் பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். அவர் அம்மா ஈரோட்டுக்கு உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளை பள்ளிக்கூடத்தில். பத்திரிகைக்காரர் வருகிறார் என்று மயிலாத்தாளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியே தெருவில் நின்றது. எங்கள் கம்பெனி மட்டுமில்லை. திருமூர்த்தி கதவைத் தட்டி, "வனமாலினி மேடம், ஒரு நிமிஷம்" என்றான். கூட்டமும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. சிலர் விசிலடித்தார்கள். பூவாத்தாள் நல்லவிதமாகத்தான் சொன்னாள்: "அம்மணி, வெளிய வா சாமி, பயப்படாத, நாங்கெல்லாம் உனக்காக அழுதவங்கதான்." உள்ளே முன்கதவுத் தாழ் விழுகிற சத்தம் கேட்டது.

நான் சந்துக்கு நடந்தேன். ஓடவில்லை. கிடங்கின் பின்கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கொண்டி உண்டு, ஊருக்குப் போகும்போது பூட்டுவதற்கு. அதை இழுத்து மாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. பின்வழி இல்லையென்றால் முன்வாசலுக்குத்தானே வந்தாக வேண்டும்? வந்து நின்றால் ஒரு படம். அப்புறம் எல்லோரும் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள்.

தீ எப்படிப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. கிடங்குச் சுவரில் உயரத்தில் காற்றுக்காக ஓட்டை விட்டிருக்கும். வீட்டுப் பக்கத்து ஓட்டையில் ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எவன் வாயிலோ பீடி இருந்திருக்கும். வேஸ்ட் மூட்டை உடனே எரிவதில்லை. முதலில் கனன்று புகையும். உள்கதவுப் பக்கத்து மூட்டைகள்தான் முதலில் பற்றின. அதனால் கிடங்குக்குள் பின்கதவுவரை வந்துவிட்ட அவளுக்கு வீட்டுக்குள் திரும்ப வழியில்லாமல் போயிற்று. தொழுகை முடிந்து வந்த கைருதீன் பாய் முன்கதவை உடைத்தார். அவளை உயிரோடு எடுக்க முடியவில்லை. அவருடைய கைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

திங்கட்கிழமை அவர் கூடத்துக்கு வரவில்லை. 'வெள்ளித்தூது' வந்தது. இரண்டு பக்கம். கரிந்த கிடங்கின் படம், வனமாலினியின் பழைய சினிமாப் படம், அந்தப் புறங்கைச் சிரிப்பு. திருமூர்த்தி தெருவில் நின்றவர்களிடமெல்லாம் கேட்டு எழுதியிருந்தான். அவர்கள் நான் வாசித்ததைச் சொல்லியிருந்தார்கள். அதனால் அத்தனையும் இருந்தது சார். ஒளிந்து வாழ்ந்தது, கைவிட்டவர்கள், கோடம்பாக்கமே கேட்பது. என் வரிகள், ஏறக்குறைய என் வார்த்தைகளிலேயே. வாசித்தேன். அந்த வாரம் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

"முன்னயே நாம படிச்சது அத்தனையும் நெசமாப் போச்சே" என்று பூவாத்தாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். எனக்குச் செம்பை நகர்த்திக் கொடுத்தாள். பாதித் தண்ணீர் என் மடியில் கொட்டியது.

பிறகு ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். தினசரியில் பார்த்தேன், 'கதவை வெளியே பூட்டிய நிருபர் கைது' என்று. கூடத்தில் அதை வாசிக்கும்போது நாக்கு நின்றுவிட்டது. அந்தத் தம்பி சந்துப் பக்கமே வரவில்லை. மாற்றி வாசித்திருக்கலாம், எனக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் அச்சில் தப்பாக ஒன்று வருவதை என்னால் பொறுக்க முடியாது. நாளைக்குச் சரியாக வரட்டும் என்றுதான் வந்தேன். போட்டோ எடுப்பார்கள் என்றால் இந்தச் சேலை போதுமா?

சந்தில் நின்றபோது சத்தம் ஏதாவது கேட்டதா என்று ஏட்டையா முன்பே கேட்டார். நான் பதில் சொல்லாமல் தாண்டிவிட்டேன். சொல்கிறேன்.

கேட்டது. முதலில் மெதுவாகத்தான் தட்டினாள், பக்கத்து வீட்டில் தட்டுகிற மாதிரி. "அக்கா, நானுங்க, தொறங்க" என்றாள். கதவின் இந்தப் பக்கம் நான் நிற்பது இடுக்கு வழியாக அவளுக்குத் தெரிந்திருக்கும், என் சேலையைப் பார்த்திருப்பாள். அப்போது புகை இல்லை. போ, முன்னால் போ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்புறம் கதவுக்கு அடியில் புகை வந்தது. என் கால்விரல்மேல் வந்தது. தட்டுவது வேகமானது. கொண்டி என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. கை போகவும் செய்தது. திறந்தால் அவள் என்னைத்தான் முதலில் பார்ப்பாள், மாட்டியது யார் என்று தெரிந்துவிடும், திங்கட்கிழமை வந்துவிடும். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். கடைசிவரை அவள் என்னைத் திட்டவில்லை. "அக்கா" என்றுதான் கூப்பிட்டாள். தட்டுவது நிற்கும்வரை நான் அங்கேயே நின்றேன். பாதியில் விட்டுப் போகவில்லை.

எழுதியாயிற்றா? இதை எனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே. ஏட்டையாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. இப்படிக் கொடுங்கள், நானே வாசிக்கிறேன். ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன், நீங்கள் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

அவள் கதவைத் தட்டுகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு வாசிக்கிறேன். விடுவது சேர்ப்பதாகாது இல்லையா.